கங்காரு வாலும் வேலப்பன்சாவடிப் பல்லும்

சென்னையின் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியைக் கடக்கும்போது, 1988-இல் தொடங்கிய சவீதா பல் மருத்துவக் கல்லூரி கண்ணில் படும். பல்லின் எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினிலிருந்து தாதுவை நீக்கினால், மிஞ்சுவதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம்தான். அதன் மூவிழை வடிவத்தை உலகுக்குச் சொன்னது இதே ஊரின் சென்னைப் பல்கலைக்கழகம். இன்றைய கல்லூரிகளில் புரதத்தை ஆராய்பவர், மாதிரியை ஐஸில் வைத்து, படிவம் நிரப்பி, கட்டணம் கட்டி, கருவி வைத்திருக்கும் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது சகஜம். ‘காசு கொடுத்து வாங்கிய முடிவு’ என்று இதை ஏளனம் செய்பவர்கள் உண்டு. சென்னையின் புரத ஆய்வே இரவல் பொருளில் வளர்ந்தது என்பதால், அந்த ஏளனத்துக்கு இங்கே இடமில்லை என்பது என் கட்சி.

ஜி.என். இராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று அவர் கவனத்தைத் திருப்பியவர், சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிஞர் பெர்னல். எக்ஸ்ரே படம் தெளிவாக விழ வேண்டுமானால் இழைகள் ஒரே திசையில் சீராக அமைந்த தசைநாண் தேவை. கங்காருவின் வாலில் அது உண்டு. அதைக் கொடுத்து உதவியது பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் பதனிடுவோருக்கும் கொலாஜன்தானே மூலப்பொருள்! கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் ‘நேச்சர்’ இதழில் மூவிழை அமைப்பை வெளியிட்டார் இராமச்சந்திரன்; அடுத்த ஆண்டே திருத்திய வடிவமும் வந்தது. அதில் அணுக்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று விஞ்ஞானிகள் கிரிக்கும் ரிச்சும் ஆட்சேபித்தார்கள். சரி, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? உலகெங்கும் பிறர் அளந்து அச்சிட்டிருந்த படிக அமைப்புகளிலிருந்து அந்தத் தூரங்களை இராமச்சந்திரன் குழுவினர் திரட்டினார்கள். சசிசேகரனும் இராமகிருஷ்ணனும் உடன் உழைக்க, 1963-இல் வெளிவந்தது ‘இராமச்சந்திரன் வரைபடம்’. புரத அமைப்பு எதை யார் வெளியிட்டாலும் இன்றும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். ஆக, அதன் அடித்தளம் பிறருடைய அளவீடுகள்.

இதெல்லாம் ஒரு மேதையின் சாதனை, கருவி மையத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மேதைமையை யார் மறுத்தார்கள்? ஆனால் தசைநாண் இல்லாமல் மேதை படம் எடுத்திருக்க முடியாது. கருவியையும் பொதுவில் வைக்கலாம் என்ற எண்ணம் 1970-களில் அரசுத் திட்டமாகவே ஆனது, சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்த வட்டாரக் கருவி மையம் அப்படி வந்ததுதான். கோடிக்கணக்கில் விலை போகும் நிறைநிறமாலைமானியைக் கல்லூரிக்கு ஒன்றாக வாங்கி, பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணமில்லாமல் உறை போட்டு மூடி வைப்பதில் என்ன கௌரவம்?

இன்னோர் ஆட்சேபம் கனமானது: கூலிக்குச் சோதனை செய்து கொடுத்தால், ஆய்வு மாணவருக்குத் தன் மாதிரியே அந்நியமாகிவிடும். இதில் பாதி உண்மை. ஜெல் சோதனையையே பாருங்கள்: மாதிரியைக் கொதிக்க வைத்து, ஜெல்லின் குழிகளில் ஊற்றி, மின்சாரம் பாய்ச்சி, நீலச்சாயம் ஏற்றினால் பட்டைகள் தெரியும். பட்டை புரதத்தின் பருமனைத் தோராயமாகச் சொல்லும், பெயரைச் சொல்லாது. வழியில் ஐஸ் உருகி, நொதிகள் புரதத்தைத் தின்றிருந்தால் பட்டைக்குப் பதில் இழுபட்ட கறைதான் மிஞ்சும். ஜெல் ஓட்டியவருக்கு மாதிரி வந்த வழி தெரியாது. அனுப்பியவருக்குக் கறையைப் படிக்கத் தெரியாது. இதற்காக மையத்தை மூட வேண்டியதில்லை, மாதிரியை வாங்கும்போதே விசாரித்தால் போதும். உப்பும் சோப்பும் கலந்த மாதிரி நிறைநிறமாலைமானிக்கு ஆகாது என்பதைக் கட்டண ரசீது சொல்லப்போவதில்லை. கருவியை இயக்குபவர் மாணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தக் கரைசலில் கரைத்தாய், எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறாய் என்று கேட்டால்தான் அது தெரியவரும்.