புறம்போக்கு

புறம் + போக்கு: வரிக்கணக்குக்குப் புறமாக விடப்பட்ட நிலம். கருத்து பழையது, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளே ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றை வரியிலிருந்து கழித்துக் காட்டுகின்றன. பேச்சில் இச்சொல் வசையானது வருந்தத்தக்கது. ஊரார் அனைவருக்கும் பொதுவான நிலத்தின் பெயர் அது.

வருவாய்த்துறைக் கணக்கில் இதற்கு வகைகள் உண்டு. பாறை நிலமான கல்லாங்குத்துப் புறம்போக்கும் வண்டிப்பாதைப் புறம்போக்கும் அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் கல்குவாரிச் சிக்கல் எழுகிறது. பாறையை அரசு குத்தகைக்கு விடலாம். பாதை ஊர்ப் பொது. ஆனால் ஊரின் நில விவரங்களைக் கொண்ட 'அ' பதிவேட்டிலும் புல எல்லைகளைக் காட்டும் புலப்படத்திலும் வண்டிப்பாதை என்ற குறிப்பு இல்லையென்றால், தலைமுறைகளாக மாடும் வண்டியும் சென்ற தடம்கூட வெட்டுக்குழியாகிவிடக்கூடும். பட்டா நிலத்தின் ஊடே செல்லும் தடமானால், 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டுத் தடையற்ற பயன்பாட்டைக் காட்டி வழியுரிமை கோரலாம். அரசு நிலத்துக்கு 30 ஆண்டு.