வாக்கரேவாரேவா காட்டுப் பாதைகள்

நியூசிலாந்தின் வடதீவில், ரோட்டோருவா நகரின் தென்கிழக்கு விளிம்பை ஒட்டியுள்ள வாக்கரேவாரேவா காட்டில் மலை சைக்கிள், நடை, ஓட்டம், குதிரைச் சவாரி ஆகியவற்றுக்காக அமைந்த பாதைத் தொகுதி. காட்டின் பரப்பு ஏறத்தாழ 5,600 எக்டேர். சைக்கிள் பாதைகள் மட்டுமே 160 கி.மீ.க்கு மேல் நீள்கின்றன.

இது தானாக முளைத்த காடு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உள்நாட்டு மரவளம் குறைந்துவந்ததால், எந்த அயல்நாட்டு மரம் இந்த மண்ணில் தேறும் என்று அரசு பல இனங்களை இங்கே நட்டுப் பார்த்தது. வணிகத்தில் வென்றது ரேடியேட்டா பைன். 1901-இல் நட்ட கலிஃபோர்னிய செம்மரங்களில் 6 எக்டேர் தோப்பு நிலைத்தது. உலகப் போர்களில் இறந்த வனத்துறையினரின் நினைவாக அது போற்றப்படுகிறது. பயணிகள் படமெடுப்பது செம்மரத்தை. காடு சம்பாதிப்பது பைனால்.

சைக்கிள் பாதைகளை 1990-களில் தொடங்கியவர்கள் உள்ளூர் ஆர்வலர்கள். எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த மண் மழைநீரை விரைவில் உறிஞ்சிவிடும். மற்ற இடங்களில் சேறாகும் குளிர்காலத்திலும் இங்கே சக்கரம் ஓடும். இதன் புகழுக்கு முதற்காரணம் இம்மண்ணே என்று சொல்லலாம். 2006-இல் மலை சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டிகள் ரோட்டோருவாவில் நடந்தன. 2015 முதல் கிராங்க்வொர்க்ஸ் என்னும் மலை சைக்கிள் விழாவும் அந்நகரில் நடக்கிறது. பாதைகள் எளியவை முதல் மிகக் கடினமானவை வரை தரம் பிரிக்கப்பட்டுள்ளன. ஏற்றம் மிதிக்க மனமில்லாதவர்களை வண்டியோடு உச்சிக்குக் கொண்டுவிடும் வாகனச் சேவையும் உண்டு.

நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மோதிக்கொள்ளாதிருக்க நுழைவாயில்களே வேறு: செம்மரத் தோப்புப் பக்கம் நடையர்களுக்கு, வைப்பா பக்கம் சைக்கிள்காரர்களுக்கு. தோப்பைச் சுற்றும் குறுநடை அரைமணியில் முடியும். காட்டைச் சுற்றிவர விரும்பும் சைக்கிள்காரர்களுக்கு 33 கி.மீ. வட்டப்பாதை உள்ளது. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் இக்காட்டை அறிந்தது 2009-இல் தொடங்கிய தாராவேரா அல்ட்ரா மாரத்தான் வழியாக.

உரிமை சற்றுச் சிக்கலானது. காட்டின் பெரும்பகுதி நிலம் 2009-இல் நில உடன்பாட்டின்படி மாவோரி இனக்குழுக்களுக்குத் திரும்பியது. மரங்கள் வணிக நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. பொதுமக்கள் வந்துபோவது இவர்களின் இசைவால். மரம் வெட்டும் பருவத்தில் சில பாதைகள் மூடப்படும், சில அழிந்து வேறிடத்தில் புதிதாக உருவாகும். பாதைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. எனினும் புறப்படுமுன் அன்று மூடியிருக்கும் பாதைகள் எவை என்று பார்த்துவிட்டுச் செல்வது நல்லது.