மொழி கடந்த குரல்

லிஸ்பன் நகரத்து எளியோர் குடியிருப்புகளில் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த பாடல் மரபு 'ஃபாடோ'. அச்சொல்லுக்கு ஊழ் என்பது பொருள். பன்னிரு நரம்புடைய போர்த்துகீசிய கித்தார் துணைவர, பிரிவின் ஏக்கத்தை அது பாடிற்று.

1956இல் பாரிசின் ஒலிம்பியா அரங்கில் அமாலியா ரோட்ரிகஸ் பாடினார். போர்த்துகீசியம் அறியாத பிரெஞ்சு மக்கள் அக்குரலுக்கு வயப்பட்டனர். 1965இல் மகாகவி கமோயன்சின் கவிதைகளை அவர் இசைத்தட்டில் பாடியபோதோ, ஃபாடோ பாடகி அவற்றைப் பாடலாமா என்று மொழியறிந்த லிஸ்பன் அறிஞரிடையே வாதம் மூண்டது.

1999இல் அமாலியா மறைந்தார். நாடு மூன்று நாள் துக்கம் காத்தது. 2001இல் அவரது உடல் தேசிய நினைவு மண்டபத்தில் சேர்க்கப்பெற்றது. கமோயன்சின் நினைவுச் சின்னமும் அங்கேயே உள்ளது. சொல் சென்று சேராத செவிகளுக்கும் துயரைக் கொண்டுசேர்த்த குரல், இன்று கவியின் நினைவுச் சின்னத்துடன் ஒரே கூரையின்கீழ்த் துயில்கிறது.