கப்பலுக்கு எந்த ஊர்?

துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலின் பின்புறம் பார்த்தால், பெயருக்குக் கீழே "பனாமா" என்றோ "மன்ரோவியா" (லைபீரியாவின் தலைநகரம்) என்றோ எழுதியிருக்கும். முதலாளி கிரேக்கர், மாலுமிகள் பிலிப்பைன்ஸ்காரர்கள். அந்த ஊரைக் கப்பல் ஒருமுறைகூடப் பார்த்திருக்காது. வரி குறைவான நாட்டில் பதிவு செய்துகொள்ளும் இந்த வழக்கம் சூடு பிடித்ததற்கு முக்கியக் காரணம் சரக்கு. ஆமாம், நீங்கள் நினைக்கும் அதே சரக்குதான்!

1920ல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல் எந்தக் கடலில் போனாலும் மது கூடாது என்று 1922ல் அரசு சொல்லிவிட்டது. பயணிகள் பிரிட்டிஷ் கப்பலுக்குத் தாவிவிடுவார்களே? ரிலையன்ஸ், ரெசொல்யூட் என்ற இரண்டு பயணிகள் கப்பல்கள் அதே ஆண்டு பனாமா கொடிக்கு மாறின. பார் திறந்தது. கூடவே வரியும் சம்பளச் செலவும் குறைந்தன. 1925ல் பனாமா தனிச் சட்டம் போட்டு எல்லோருக்கும் கதவைத் திறந்தது.

1948ல் லைபீரியாவும் களத்தில் இறங்கியது. திட்டம் போட்டவர் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஸ்டெட்டினியஸ். பதிவு வேலை நடந்ததும் அமெரிக்காவில்தான். 1960களின் இறுதியில் உலகத்திலேயே பெரிய கப்பல் படை, காகிதத்தில், லைபீரியாவுடையது!

வரி போனால் போகட்டும். ஆனால் கப்பல் உடைந்தால் யாரைப் பிடிப்பது?

1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கே பாறையில் மோதியது. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய். பிரிட்டன், பிரான்ஸ் இரண்டின் கடற்கரையும் நாசம். கொடி லைபீரியா. உரிமையாளர் பெர்முடாவில் ஒரு லெட்டர்பேட் கம்பெனி. குத்தகைக்கு எடுத்தது கலிபோர்னியாக் கம்பெனி. கேப்டன் இத்தாலியர். வழக்குப் போடலாம் என்றால் கப்பலே இல்லை, பிரிட்டிஷ் விமானப்படையே குண்டு போட்டு மூழ்கடித்துவிட்டது.

அந்தக் கம்பெனிக்கு லேக் பலூர்ட் என்று இன்னொரு கப்பல் இருந்தது. அது சிங்கப்பூருக்கு வரும்வரை காத்திருந்து, பிரிட்டிஷ் தரப்பு வக்கீல் மேலே ஏறி, நீதிமன்ற ஆணையைப் பாய்மரத்தில் ஒட்டிவிட்டு வந்தார். உரிமையாளரைப் பிடிக்க அதுதான் வழி! கடைசியில் 1969ல் இரண்டு நாடுகளுக்கும் சேர்த்து 30 லட்சம் பவுண்டு கிடைத்தது.

2025 மே மாதம் கொச்சி அருகே மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. அந்தக் கப்பலில் பறந்ததும் லைபீரியக் கொடிதான்.