வார இதழும் உரைநடையும்: சுஜாதாவின் துப்பறியும் நாவல்கள்

தமிழ் நாவல் வரலாற்றை எழுதப் புகுந்தோர் துப்பறியும் நாவலுக்கு ஒரு பத்தி ஒதுக்குவதும், அதனையும் வருத்தத்தோடு முடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு என்னும் மூவர் பெயரையும் ஒரே மூச்சிற் கூறி, மக்கள் இவற்றை விரும்பிப் படித்தனர், ஆயினும் இவை இலக்கியமாகா என்று தீர்ப்பளித்து அவர்கள் மேற்செல்வர். இலக்கியமா அன்றா என்பது பிறிதொரு வினா. ஒரு மொழியின் உரைநடை அரை நூற்றாண்டுக்குள் தன் நடையை மாற்றிக்கொண்டதெனின், அம்மாற்றம் எந்தப் பட்டறையில் நிகழ்ந்தது என்று வினவுதல் தமிழாராய்ச்சியாளரின் கடமையாகும். சுஜாதா என்னும் புனைபெயர் பூண்ட எஸ். ரங்கராஜனின் துப்பறியும் தொடர்கதைகளை யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அவ்வினாவை முன்னிட்டேயாம்.

அவரைப் போற்றுவோரிற் பலர் அவர்தம் சிறுகதைகளையும் ஸ்ரீரங்கத்துக் கதைகளையும் ஒருபுறம் வைத்து, துப்பறியும் கதைகளைக் காசுக்காக எழுதியவை என்று மறுபுறம் தள்ளுவர். முழுநேர அரசுப் பணியும் திங்கள்தோறும் ஊதியமும் உடைய ஒருவர் பிழைப்புக்காகத் தொடர்கதை எழுதினார் என்பது முதற்கண்ணே பொருந்தவில்லை. அதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. சிறுகதைகளிற் புகழப்படும் நடையே துப்பறியும் தொடர்களில் உருப்பெற்ற நடைதான் என்பது எம் துணிபு.

துப்பறியும் கதைக்கும் திருச்சிராப்பள்ளிச் சீமைக்கும் உள்ள தொடர்பு சுஜாதாவொடு தொடங்கியதன்று. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை பிறந்த குளத்தூர் திருச்சிராப்பள்ளியை அடுத்தது. தமிழில் துப்பறியும் கதையைத் தோற்றுவித்தவர் எனப்படும் நடேச சாஸ்திரியோ (1859–1906) இம்மாவட்டத்துச் சங்கேந்தியைச் சார்ந்தவர். தொல்பொருள் துறையிற் பணியாற்றிக் கல்வெட்டுகளைப் படித்தவர். தென்னாட்டு நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டவர். அவர் 1894இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைத் தலைவனாக வைத்துக் கதை எழுதினார். எழுத்துத் தேய்ந்த கல்லிலிருந்து பொருளைத் துப்பறிந்தவரே குற்றத்தைத் துப்பறியும் கதையையும் எழுதினார் என்பதில் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. இதனை வைத்து மண்ணின் பெருமை பேச யாம் விரும்பவில்லை. சுஜாதா தானவன் கதையைப் பின்பற்றினார் என்று கூறுதற்கும் இடமில்லை.

ரங்கராஜன் 1935 மே 3ஆம் நாள் சென்னைத் திருவல்லிக்கேணியிற் பிறந்தார். தந்தையார்க்கு அலுவல் நிமித்தம் ஊர் மாற்றம் நேர்ந்துகொண்டிருந்தமையின், ஸ்ரீரங்கத்தில் பாட்டியார் வீட்டில் வளர்ந்தார். பள்ளிக் கல்வி ஸ்ரீரங்கத்திலும், இளநிலைக் கல்வி திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிலும் அமைந்தன. பின்னர்க் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்று, வான்போக்குவரத்துத் துறையிலும், அதன்பின் பெங்களூர்ப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் பணியாற்றினார். வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் அவர்தம் பங்கு யாவரும் அறிந்ததே. 2008 பிப்ரவரி 27ஆம் நாள் சென்னையில் மறைந்தார். வாழ்க்கைக் குறிப்பில் எம் ஆய்வுக்கு இன்றியமையாதது இவ்வளவே. பொறியியலார் ஒருவர் எழுதினார் என்பதைக் காட்டிலும், அறிக்கையும் குறிப்பும் எழுதிப் பழகிய கை கதை எழுதியது என்பதே பொருட்படுத்தத் தக்கது.

அவர்தம் முதற்கதை 1953இல் திருச்சிராப்பள்ளியினின்று திருலோக சீதாராம் நடத்திய சிவாஜி இதழில் வெளிவந்தது. அதன்பின் நெடிய இடைவெளி. 1962இல் குமுதத்தில் ‘இடது ஓரத்தில்’ என்னும் சிறுகதை வந்தது. குமுதம் ஆசிரியர் குழுவில் ரா. கி. ரங்கராஜன் இருந்தமையால், பெயர் மயக்கம் நேராதிருக்கத் தம் மனைவியார் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். 1968இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ தொடராக வெளிவந்தது. அதுவே அவரது முதல் நாவல். வழக்கறிஞர் கணேஷ் அதிலேதான் தோன்றுகிறார். துணைவன் வசந்த் பின்னர்ப் ‘பிரியா’வில் வந்து சேர்கிறான். ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூராரின் திகம்பர சாமியார், தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால் என்னும் வரிசையில் இவ்விருவரும் இடம்பெற்றனர். ஆயினும் முன்னையோர் தனித்து நின்று வென்றவர்; இவர்கள் உரையாடி வென்றவர். இவ்வேறுபாடு சிறிதன்று. துப்பறிவோன் ஒருவனாயின், அவன் எண்ணத்தை ஆசிரியரே விரித்துரைத்தல் வேண்டும். இருவராயின், எண்ணம் பேச்சாகிவிடும், ஆசிரியர் விலகிக்கொள்ளலாம்.

இனி நடையை நோக்குவாம். முன்னைத் துப்பறியும் நாவல்கள் பெரும்பாலும் நூலாகவோ மாத வெளியீடாகவோ வந்தன. ஆரணியார் ஆனந்தபோதினியிலும் வடுவூரார் மனோரஞ்சனியிலும் எழுதினர். பக்கங்களுக்குக் குறைவில்லை. எனவே வாக்கியமும் நீண்டது. ஒருவன் இரவில் ஒரு வீட்டினுள் நுழைந்து பிணத்தைக் காண்கின்றான் எனக் கொள்வோம். முன்னையோர் முறையில் அஃது இவ்வாறு அமையும்: ‘அவன் அவ்விருளடர்ந்த மாளிகையின் கதவை மெல்லத் திறந்து உட்புகுந்து, சுவரைத் தடவிக்கொண்டே சென்று, காலில் ஏதோ இடறியதால் திடுக்குற்றுக் குனிந்து, தொட்டுப் பார்த்து, அது மனித உடலென்று அறிந்து அலறினான்.’ இஃது யாமே அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. இதன்கண் எச்சங்கள் சங்கிலியாகத் தொடர, முற்று இறுதியில் ஒன்றே நிற்கின்றது. படிப்போன் முற்றை எதிர்நோக்கி ஓடுகின்றான். தமிழ்த் தொடரமைப்பிலேயே ஒரு மர்மம் உண்டு; வினைமுற்று வரும்வரை செய்தி முற்றுப்பெறாது. முன்னையோர் அதனை ஒரு வாக்கியத்திற்குள்ளேயே செலவழித்துவிட்டனர்.

வார இதழில் அவ்வாறு செலவழித்தற்கு இடமில்லை. தொடர்கதைக்கு ஒதுக்கப்பெறுவன சில பக்கங்கள். அவற்றுள்ளும் ஒரு பகுதியை ஓவியமும் விளம்பரமும் கொள்ளும். சென்ற வாரம் படித்தவனுக்கு ஏழு நாளில் பாதி மறந்துபோயிருக்கும். மாந்தரை இரண்டு வரியில் மீண்டும் அடையாளம் காட்டி, கதையை ஓரடி நகர்த்தி, அடுத்த வாரத்திற்கு ஓர் இழுவிசையை வைத்து நிறுத்தல் வேண்டும். இந்நெருக்கடியிற் சுஜாதா செய்தது எச்சச் சங்கிலியை அறுத்ததேயாம். மேற்காட்டிய நிகழ்ச்சி அவர் கையில் ஏறத்தாழ இவ்வாறு ஆகும் எனலாம்: ‘கதவு திறந்திருந்தது. சுவரில் சுவிட்சைத் தேடினான். காலில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து...’ அவ்வளவே. எச்சம் மட்டும் எஞ்சி நிற்க, முற்று அடுத்த வாரத்திற்குப் போய்விடுகின்றது. முன்னையோர் வாக்கியத்திற்குள் வைத்த காத்திருப்பை இவர் இதழ்களுக்கிடையே வைத்தார். ‘என்றான்’, ‘என்று கூறினாள்’ என்னும் சொற்கள் உரையாடலினின்று மெல்ல மறைந்ததும் இவ்விட நெருக்கடியாலேயே. பேசுவோர் யார் என்பதைப் பேச்சே காட்டுதல் வேண்டுமாயின், ஒவ்வொருவர்க்கும் தனிப் பேச்சு வேண்டும்; கணேஷின் அளந்த சொல்லும் வசந்தின் குறும்பும் அவ்வாறு தோன்றியவை. நன்னூலார் நூலுக்குரிய அழகுகளில் சுருங்கச் சொல்லலை முன் வைத்தார். அவ்வழகு இருபதாம் நூற்றாண்டில் வார இதழ்ப் பக்க அளவின் வழியே உரைநடைக்குள் புகுந்தது என்பது எம்மனோர்க்குச் சற்று வியப்பாகவே இருக்கும்.

இதனை அவர் தெரிந்தே செய்தார் என்பதற்குச் சான்று ‘ஆ..!’ என்னும் நாவல். ஒவ்வோர் அத்தியாயமும் அவ்வொற்றை எழுத்தாகிய உணர்ச்சிச் சொல்லில் முடியுமாறு அதனை அமைத்தார். வாரத் தொடரின் இறுதியில் ஒரு திடுக்கீடு வேண்டும் என்பது இதழின் கட்டளை. அக்கட்டளையையே அவர் யாப்பாக்கிக்கொண்டார். அந்தாதி பாடிய புலவர்க்கு முதலும் முடிவும் கட்டளையாக நின்றதை இதனோடு ஒப்பிட்டால் மிகையெனச் சிலர் கூறலாம். கட்டளைக்குள் ஆடிக்காட்டும் விருப்பம் இரண்டிடத்தும் ஒன்றே என்பது எம் கருத்து. இறங்குதலைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளைப் படிக்கட்டுப்போல ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடச் செய்த அவர்தம் விளையாட்டும் சித்திரகவி மரபினர்க்குப் புதிதன்று.

பொருளமைப்பிலும் இத்தொடர்கள் வறியன அல்ல. ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வின் தலைவன் கல்யாணராமன் நாட்டுப்பாடல் ஆராய வந்தவன். நம் துறை மாணவன் ஒருவனைக் கொலைக் கதையின் நடுவே கொணர்ந்து நிறுத்திய துணிவை நாம் இதுவரை பாராட்டவில்லை! ‘நிர்வாண நகரம்’ வேலையற்ற இளைஞன் ஒருவன் தன்னைப் பொருட்படுத்தாத சென்னை மாநகரைப் பழிவாங்க முற்படுவதைக் கூறுகின்றது. ‘கொலையுதிர் கால’த்தில் பேயோ அறிவியலோ என்னும் வழக்கு கணேஷுக்கும் வசந்துக்கும் இடையே இறுதிவரை நடக்கின்றது.

குறைகளை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. தொடர் முடிவுகள் பல அவசரத்தில் எழுதப்பட்டவை. முடிச்சு விழுந்த அழகு அவிழ்ப்பதில் இல்லை. ஆங்கிலச் சொற்களை வேண்டாவிடத்தும் பெய்தார். பெண் மாந்தரை உடலளவில் நிறுத்தி வசந்தின் வாயிலாக நகையாடுவது முதற்சில கதைகளிற் புதுமையாகத் தோன்றி, பின்னர் வாய்பாடாகி, இன்று படிப்போர்க்கு வெறுப்பையே தருகின்றது. ஆங்கிலச் சொல்லை மன்னிக்கலாம். நீதிமன்றத்திலும் ஆய்வகத்திலும் மக்கள் அவ்வாறே பேசினர். பின்னதற்கு அவ்வாறு அமைதி கூறுதற்கில்லை.

இனி மூலபாடம் பற்றி ஒரு சொல். திருச்சிச் சந்திப்பு நிலையத்தின் தென்மேற்கே எடமலைப்பட்டி புதூரில் யாம் இளமையில் இக்கதைகளைப் படித்தது அச்சிட்ட நூல்களிலன்று. இதழ்களினின்று கிழித்தெடுத்துத் தைத்து அட்டையிட்ட பைண்டுகளில். ஒரு வீட்டார் சேர்த்ததைத் தெரு முழுதும் படிக்கும். மிதிவண்டியில் வரும் வாடகை நூலகத்தாரிடமும் அவை கிடைக்கும். அப்பைண்டுகளில் ஜெயராஜின் ஓவியம் இருந்தது. பக்கத்தின் மறுபுறத்தே வேறொரு கதையின் பாதி இருந்தது. இடையில் ஒரு வாரம் காணாமற்போயிருந்தால், அவ்விடத்தைப் படித்தோர் தாமே இட்டு நிரப்பிக்கொள்வர். நூலாக வெளிவந்தபோது ஓவியங்களும் வார இறுதிக் குறிப்புகளும் நீங்கின. ஆகவே இன்று நம் மாணவர் படிப்பது இத்தொடர்களின் ஒரு பாடமே. ஓலைச்சுவடியின் பாடவேறுபாட்டுக்கு வாழ்நாளைக் கொடுத்த துறை, ஐம்பதாண்டுக்கு முற்பட்ட அச்சுப் பாடத்தைப் பொருட்படுத்தாதிருத்தல் முறையன்று. வெகுமக்கள் நூல்களையும் இதழ்களையும் வேறுபாடின்றிச் சேர்த்த கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகி நிற்கின்றது. கல்லூரி நூலகங்களிலோ வார இதழ் ஆண்டிறுதியிற் பழைய தாள் விலைக்குப் போகின்றது.

இதனால் நேரும் இழப்புக்கு ஒரு சான்று கூறுவாம். 1857ஆம் ஆண்டு எழுச்சியைப் பின்னணியாகக் கொண்டு குமுதத்திற் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்னும் தொடரைச் சுஜாதா தொடங்கினார். தம்மை இழிவுபடுத்துவதாக ஒரு சமூகத்தார் கருதி எதிர்த்தமையால் அது தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. பின்னர் வேறு வகையாக எழுதப்பெற்று ‘ரத்தம் ஒரே நிறம்’ என்னும் பெயரில் வெளிவந்து, அப்பெயரிலேயே நூலாயிற்று. எழுத்தாளர் எதனை விட்டார், எதனை மாற்றினார், எதிர்ப்பு அவர்தம் நடையில் எவ்வளவு எச்சரிக்கையைப் புகுத்தியது என்பனவற்றை இரண்டு பாடங்களையும் அருகருகே வைத்தே காணல் இயலும். முதற்பாடம் இருப்பது அச்சில வார இதழ்களில் மட்டுமே.

‘நைலான் கயிறு’ வெளிவந்த 1968ஆம் ஆண்டு இதழ்ப் பக்கங்களை நூற்பதிப்போடு ஒப்புநோக்கும் பணியை எம் முதுகலை மாணவர் இருவர் தொடங்கியுள்ளனர். ஒரு பழைய பைண்டு அவர்களுக்குக் கிடைத்துள்ளது; அதன் முதல் வாரப் பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டது.