மிதிவண்டியின் வண்ண அடுக்குகள்

பழைய மிதிவண்டிகள் பெரும்பாலும் கறுப்பாக இருந்தமைக்கு ரசனை மட்டும் காரணமன்று. தொடக்ககால எனாமல், நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் கொண்டு செய்யப்பட்டது. நிலக்கீல் இயல்பிலேயே கரியது. எஃகுச் சட்டகத்தில் அதைப் பூசி உலையில் சுட்டனர். வெப்பத்தில் இறுகிய படலம் மழையையும் உராய்வையும் தாங்கியது. அதன்மேல் மெல்லிய தூரிகையால் பொன்னிறக் கோடுகளைக் கையால் இழுத்தனர்.

விடுதலைக்கு முன் இந்தியாவில் ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து வந்தவை. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் (சென்னை), 1951இல் அட்லஸ் (சோனிப்பத்), 1956இல் ஹீரோ (லூதியானா) எனச் சுதேச நிறுவனங்கள் தோன்றிய பின்னரும் எளிய குடும்பத்துக்கு மிதிவண்டி பெருஞ்செலவாகவே இருந்தது. ஆகவே பால்காரரும் கூலித் தொழிலாளரும் இருந்த வண்டிக்கே மறுவண்ணம் பூசினர். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் அடித்த எனாமலை வெயிலில் உலர்த்தினர். உலை காணாத அப்பூச்சு ஆலைப் பூச்சின் உறுதியைப் பெறவில்லை. சில ஆண்டுகளில் பெயர்ந்தது, மீண்டும் பூசப்பட்டது.

இன்று பழைய வண்டிகளைச் சேகரிப்போர் பலர் இவ்வடுக்குகள் அனைத்தையும் சுரண்டிப் புதிதுபோல் ஆக்குகின்றனர். சட்டகத்தில் பொறித்த எண் எஞ்சுகிறது. தடித்த பூச்சு அதையும் மூடிவிடக்கூடும். எண்ணைக் கொண்டு வண்டி பிறந்த ஆலையை ஆராயலாம். அதை ஓட்டிப் பிழைத்தவர் எத்தனை முறை அதைக் காத்துக்கொண்டார் என்பதை அந்த அடுக்குகளே சொல்லும். துருவேறிய இடத்தை மட்டும் செப்பனிட்டு, எஞ்சியதை அப்படியே விடுவது வரலாற்றுக்கு நல்லது.