மஞ்சவாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர்

கொரோனா காலத்தைப் பத்தி ஆளாளுக்கு எழுதித் தீர்த்தாச்சு. கபசுரக் குடிநீர், கைதட்டல், மொட்டை மாடி விளக்கு எல்லாம் பார்த்தாச்சு. ரொம்ப நாளா நான் தள்ளிப் போட்ட விஷயம் வேற. 2020ல் வலிப்பு வந்த குழந்தைங்க எல்லாம் எங்கே போனாங்க?

மொதல்ல எங்க ஊர் பூகோளம். பாப்பிரெட்டிப்பட்டி காகிதத்தில் தர்மபுரி மாவட்டம். ஆனா உடம்புக்கு முடியலைன்னா எங்காளுங்க பலபேர் மஞ்சவாடிக் கணவாய் தாண்டி சேலத்துக்குத்தான் பஸ் ஏறுவாங்க. 1965 அக்டோபர் 2 வரைக்கும் தர்மபுரியே சேலம் மாவட்டத்துக்குள்ள இருந்ததுதானே! மாவட்டம் பிரிஞ்சாலும் பழக்கம் பிரியல.

2020 மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டாங்க, மறுநாள் நாடே முடங்கிச்சு. ஜூன் 1ல் பஸ் விட்டப்போ தமிழ்நாட்டை மண்டலமா பிரிச்சாங்க. சேலம், கோவை ஈரோட்டோட ஒரு மண்டலம். தர்மபுரி, வேலூர் கிருஷ்ணகிரியோட இன்னொண்ணு. அதாவது, இ-பாஸ் இல்லாம வேலூருக்குப் போகலாம், பக்கத்துல இருக்கற சேலத்துக்குப் போக முடியாது. 1965ல போட்ட கோடு 55 வருஷம் கழிச்சு எங்களை மறிச்சுது :-)

சிரிச்சுட்டுப் போயிடலாம்தான். எங்க தெரு அக்கா ஒருத்தங்க பையனுக்கு அப்போ ஆறு வயசு, கைக்குழந்தையில இருந்தே வலிப்பு. வால்புரோயேட் சிரப் ஒருவேளை கூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் இருந்தது சேலத்துல. இங்க கடையில ஸ்டாக் இல்ல. தீர்ந்துடுமேன்னு அக்கா அளவைக் குறைச்சுக் குறைச்சு ஊத்தியிருக்காங்க. ஒரு ராத்திரி வெட்டு நிக்கவே இல்ல. அஞ்சு நிமிஷத்துக்கு மேல வலிப்பு நீடிச்சா அது அவசரம், உடனே ஊசி போட்டு நிறுத்தணும். ஆனா 108க்குப் போன் பண்ணவே வீட்டுல தயங்கினாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா ஒட்டிக்கும், பையனைத் தனியா பிரிச்சு வச்சுருவாங்கன்னு பயம். விடியற வரைக்கும் காத்திருந்தாங்க.

அப்போ ஆஸ்பத்திரி கணக்குல அன்னிக்கு ராத்திரி ஒரு வலிப்புக் கேஸ் குறைவு. இதுதான் என்னைக் குடையற விஷயம். 2020ல் உலகம் பூரா குழந்தைங்க வார்டுல கூட்டம் குறைஞ்சுது, நரம்புக் கோளாறுகளும் அதுல அடக்கம். ஒரு பகுதி நிஜமாவே நல்ல சேதி. காய்ச்சலோட வர்ற ஜன்னி, ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள நூத்துக்கு ரெண்டுல இருந்து அஞ்சு குழந்தைங்களுக்கு வரும். ஸ்கூல் மூடி, முகமூடி போட்டு, ஃப்ளூ அடங்கினதும் பல நாடுகள்ல இந்த ஜன்னியும் அடங்கிடுச்சு. அமெரிக்காவுல திடீர்னு கை கால் துவளுற ஒரு தண்டுவட நோய் 2018ல் 238 பேருக்கு வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஏறும்னு 2020ல் பயந்து காத்திருந்தாங்க. வந்தது 33தான்.

மிச்சப் பகுதி எங்க அக்கா பையன் மாதிரி. நோய் இருக்கு, ஆள் வரல. கைக்குழந்தைக்கு வர்ற ஒருவகை வலிப்பு இருக்கு. சட்டு சட்டுன்னு குனிஞ்சு நிமிரும், வயித்து வலின்னு நினைச்சுப்போம். சில வாரம் தாமதிச்சாலே மூளை வளர்ச்சி அடி வாங்கும். அதுக்கு ஆஸ்பத்திரியில சேர்த்து ஊசி போடறதுக்குப் பதிலா வாய்வழி மருந்தை வீட்டுலயே ஆரம்பிக்கலாம்னு 2020லயே அமெரிக்கக் குழந்தை நரம்பியல் டாக்டர்கள் வழிகாட்டுதல் வெளியிட்டாங்க. நம்ம மத்திய அரசும் மார்ச் 25 அன்னிக்கே போன்ல வைத்தியம் பார்க்க விதிமுறை கொண்டுவந்துச்சு. நல்ல விஷயம்தான், ஆனா மலையடிவாரத்துல டவர் கிடைக்கணுமே!

ரெண்டு கதையும் ரிஜிஸ்டர்ல ஒரே மாதிரிதான் தெரியும், எண்ணிக்கை குறைவு. 1917ல் வியன்னாவுல வான் எகனாமோ ஒரு தூக்க வியாதியை விவரிச்சார். அடுத்த வருஷமே ஃப்ளூ கொள்ளை நோய் வந்துச்சு. தூக்க வியாதியில பிழைச்ச பல குழந்தைங்களோட சுபாவமே மாறிப்போச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டான்னு நூறு வருஷம் கழிச்சும் முடிவாகல. ஃப்ளூவுல நம்ம நாட்டுல மட்டும் ஒரு கோடிக்கு மேல செத்தப்போ, எந்தக் குழந்தை ஏன் தூங்கிட்டே இருக்குன்னு யார் எழுதி வச்சிருப்பாங்க?

மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓட ஆரம்பிச்சது 2020 செப்டம்பர் 7ல். அந்த வாரமே அக்கா பையனைத் தூக்கிட்டு சேலம் போனாங்க. பையன் இப்போ பரவாயில்ல, பேச்சு மட்டும் கொஞ்சம் குழறும். அவனோட ஓ.பி. நோட்டைப் பார்த்தேன். மார்ச் மாசத் தேதிக்குக் கீழே, அடுத்த வரியிலேயே செப்டம்பர்.